பெரியகுளத்தில் மாட்டிய கடல்

வெளிநாட்டுக் கடல் ஒன்று எங்கள் ஊர்ப் பெரியகுளத்துக்குள் வந்து உட்கார்ந்ததற்கு நான்தான் காரணம் என்று ஊத்தடியில் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் மறுப்பதில்லை, மறுத்தால் அந்தப் பேர் அப்பாவுக்குப் போய்விடும், அப்பாவோ யாராவது பாராட்டினால் அன்றைக்குச் சோறு இறங்காத ஆள்.

ஆலங்குளத்தில் மினி பஸ் ஏறி, காற்றாலைகள் கை வீசிக்கொண்டு நிற்கிற பக்கமாக வந்தால், பீடி இலை வாசம் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஊத்தடி தொடங்கும், அந்த வாசம் முடிகிற இடத்தில் பெரியகுளம் கிடக்கும். பெரியகுளம் என்று பேர்தானே தவிர, நான் பிறந்ததிலிருந்து அதில் தண்ணீரைவிட ஆடுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், ஆடுகளைவிட கிரிக்கெட் ஸ்டம்புகளை. குளத்துக்கு எதிரே பஞ்சாயத்துக் கட்டடம், அதில் முதல் கடை எங்களுடையது, 'கிளாடிஸ் கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு, கிளாடிஸ் நான்தான். போர்டில் என் பேர் இருக்கிறது, ஆகவே கடையில் எதையும் கேட்காமல் தொடலாம் என்பது என் கட்சி. போர்டு எழுதும்போது நீ தொட்டிலில் கிடந்தாய் என்பது அப்பா கட்சி.

எனக்குக் குரல் வரும். மினி பஸ் கண்டக்டர், கோயில் உபதேசியார், மீன் விற்கிறவர் ஸ்கூட்டரின் ஹாரன், மூன்றாவது வீட்டுக் குக்கர், எதைக் கேட்டாலும் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், எழுந்து போகச் சொன்னாலும் போகாது. அதிலும் பஞ்சாயத்துத் தலைவர் மாசானமுத்து மாமா குரல் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி: வயிற்றிலிருந்து காற்றை எடுத்து, பாதியை மூக்கில் நிறுத்தி, பேச்சின் கடைசியில் 'விளங்குதா' என்று ஓர் ஆணி அடித்தால் தலைவர் தயார். ஒருமுறை அந்தக் குரலில் பள்ளிக்கூட மைக்கில் அரைநாள் விடுமுறை விட்டேன், தலைமையாசிரியரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தக் கடல் இருந்தது ஒரு ஹார்ட் டிஸ்கில், அது தூத்துக்குடியிலிருந்து வந்தது. உடைத்த கப்பல்களின் சாமான் விற்கிற இடத்தில் அப்பா ஒரு சாக்கு நிறைய பழைய கம்ப்யூட்டர்ச் சாமான் அள்ளி வந்திருந்தார், அதற்குள் நீல நிறத்தில், ஓரமெல்லாம் உப்புப் பூத்து, கொக்கியும் வளையமுமாக யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ ஒட்டியபடி இது கிடந்தது. அப்பா மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து எடுத்துச் சொருகினேன். எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது பெங்குயின் படம் போட்ட, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிற லினக்ஸ். அதற்கு இந்த டிஸ்கின் பாஷை தெரியாது. நடுவில் நின்று அதன் பேச்சை இதற்கும் இதன் பேச்சை அதற்கும் எடுத்துச் சொல்ல டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் வேண்டும், அதைத் தேடி இறக்கினேன். இறக்கிய பிறகு, கொக்கியில் சட்டையை மாட்டுகிற மாதிரி, அந்த டிஸ்கை ஏதாவதொரு ஃபோல்டரில் மாட்ட வேண்டும். ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஏற்கெனவே இருப்பது அடியில் போய் மறைந்துவிடும். தேடிப் பார்த்தேன். கம்ப்யூட்டரிலேயே காலியாக இருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். பெரியகுளம் தூர்வாரும் படங்களைப் போட்டு வைக்கத் தலைவர் திறக்கச் சொன்னது, குளத்தைத் தூர்வாரவே இல்லை என்பதால் படமும் இல்லை, அதன் பேர் 'பெரியகுளம்'. அதில் மாட்டினேன். எண்டரைத் தட்டினேன். எதிரே குளத்தில் கடல் வந்தது.

சத்தமெல்லாம் பெரிதாக இல்லை. அக்கரையில் நின்ற உடைமரங்கள் போய், அந்த இடத்தில் வானமும் தண்ணீரும் தொட்டுக்கொள்கிற கோடு வந்தது, கோட்டின் மேல் ஒரு கப்பல் வந்தது, இந்தப் பக்கம் நடுமத்தியானம் என்றால் அந்தப் பக்கம் சாயங்காலம், ஏனென்றால் அந்தக் கடலின் கடிகாரம் அதன் சொந்த ஊர்க் கடிகாரம். அலைகள் பச்சையாகக் கிளம்பி, ஒழுங்காக வரிசையில் நடந்து வந்து, நம்ம ஊர்க் கரையில் செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி நுரையை வைத்துவிட்டுத் திரும்பிப் போயின. கப்பல் 'பூ...' என்று ஊதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது.

கரையோர வேப்பமரத்தடியில் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்காமார்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

"தண்ணி வந்துட்டு போலிருக்கே."

"உப்புத் தண்ணிட்டி அது."

"உப்பாவது வருதே. நம்ம குழாயில காத்துல்லா வருது."

திரும்பவும் இலையை நறுக்கத் தொடங்கிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் டீக்கடைக்காரர் பெஞ்சைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். மினி பஸ் கண்டக்டர் "கடல் ஸ்டாப் எறங்கு, கடல் ஸ்டாப்" என்று கூவ ஆரம்பித்தார். ஆடுகள் கொஞ்சநேரம் கரையில் நின்று முறைத்துவிட்டுச் சுடுகாட்டுப் பக்கம் மேயப் போயின. கிரிக்கெட் பையன்கள் மட்டும்தான் அழுதார்கள், அவர்களுடைய ஸ்டம்பு அடியில் போய்விட்டது. கடலைக் கழற்றினால் ஸ்டம்பு நட்டது நட்டபடி இருக்கும் என்று அப்பா சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகே ஓய்ந்தார்கள்.

அப்பா கடலுக்காக என்னைத் திட்டவில்லை. "டிரைவரை இறக்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றுதான் திட்டினார். டிரைவர் என்ற சொல் காதில் விழுந்த சொர்ணத்தாய் அத்தை, தலைவரின் வீட்டுக்காரி, "அத்தனை தூரத்துல இருந்து கடலை ஓட்டிட்டு வந்த மனுசன் பசியா இருப்பாரே" என்று ஒரு டம்ளர் டீ வாங்கிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். அது மனுசன் இல்லை என்று சொல்லிப் பார்த்தோம். "மனுசன் இல்லைன்னா டீ குடிக்கக் கூடாதா?" என்றாள். அன்றிலிருந்து தினமும் ஒரு டீ வருகிறது, நான் குடிக்கிறேன்.

ஆனால் அந்தக் கடலில் நனைய முடியவில்லை. பார்க்கலாம், கேட்கலாம், முழங்கால் வரைக்கும் இறங்கி நிற்கலாம், வெளியே வந்தால் கால் காய்ந்திருக்கும். கல்லை விட்டெறிந்தால் கல் திரும்பிக் கரைக்கே வந்துவிடும். மீன் கைக்குள் வரும், கையை மூடினால் கைக்கு வெளியே இருக்கும். ஊர் இதையும் பழகிக்கொண்டது, பார்க்கக் கிடைப்பதே போதும் என்று உட்கார்ந்துவிட்டது. ஒருத்தி மட்டும் உட்காரவில்லை.

அவள் முத்துப்பேச்சி. கீழத்தெரு, என் வகுப்பு, என் பெஞ்சு. நீச்சலில் மாவட்டத்துக்குத் தேர்வாகிற கை அவளுக்கு. ஆனால் அவள் நீந்திப் பழகிய தோட்டத்துக் கிணறு வற்றிப்போய், இப்போது பள்ளிக்கூட பெஞ்சின் மேல் குப்புறப் படுத்துக் காற்றில் கையும் காலும் போட்டுக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் விளையாட்டு விடுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் எடுத்தால் விடுதியில் தங்கிப் படிக்கலாம், எடுக்காவிட்டால் திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கு அனுப்புவதாக அவள் அம்மா ஏஜென்ட்டிடம் சொல்லியாகிவிட்டது. பேச்சி கடலுக்குள் இடுப்பளவு இறங்கி நின்று, காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"கிளாடி, இவ்ளோ தண்ணி இருந்தும் பெஞ்சுல நீந்த வச்சிட்டியே, நல்லா இருப்பியா நீ?"

நான் அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். அப்பா தொண்டையைக் கனைத்து "ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத்தான் எந்தக் கட்டளையையும் அடிப்பார், அப்படியே அடித்துப் பார்த்துச் சொன்னார்: "முன்னால வச்சிருந்தவன் இதை ஒழுங்கா மூடாமப் பாதித் தூக்கத்துல போட்டுட்டுப் போயிருக்கான். தூங்குதவன் சட்டைப்பையில கை விடக் கூடாதுன்னு, டிரைவர் பார்க்க மட்டும் விட்டுருக்கு. தூக்கத்தைக் கலைச்சா எழுதவும் விடும். ஆனா அந்தத் தூக்கத்துல என்ன பாதியில நின்னுச்சோ அது போனது போனதுதான்."

"என்ன போகும்?"

"தெரியலையே. போன பெறகுதான் தெரியும்."

கலைத்தோம். போனது கப்பல் ஊதலின் மீதிப் பாதி. இன்றைக்கும் அந்தக் கப்பல் 'பூ...' என்று தொடங்கி அப்படியே நின்றுவிடும், கேட்கிறவர்களுக்குத் தும்மல் வந்து வராமல் போன மாதிரி மூக்கு உறுத்தும், நான் பக்கத்தில் இருந்தால் '...ம்ம்' என்று முடித்து வைப்பேன், ஊர் மூச்சு விடும். மற்றபடி கடல் முழுசாக விழித்துக்கொண்டது. திரும்ப மாட்டும்போது யார் யாருக்கு என்ன அனுமதி என்று அப்பாவைக் கேட்டது. அப்பா நிதானிப்பதற்குள் நான் எல்லாருக்கும் எல்லாம் என்று அடித்துவிட்டேன். பேச்சி தலைகீழாகப் பாய்ந்தாள், எழுந்தபோது அவள் முடியிலிருந்து நிஜமாகவே தண்ணீர் சொட்டியது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இந்த மாதிரி வெளியூர் டிஸ்கில் எதற்கும் சொந்தக்காரர் பேர் இருக்காது, ஆகவே யார் மாட்டினார்களோ அவர் பேரையே எல்லாவற்றுக்கும் டிரைவர் எழுதிவிடும். திரையில் பார்த்தால் ஒவ்வோர் அலைக்கும் பக்கத்தில் கிளாடிஸ், ஒவ்வொரு மீனுக்கும் கிளாடிஸ், தூரத்துக் கப்பலுக்கும் கிளாடிஸ். ஒரு வாரம் நான் தாசில்தார் குரலில்தான் பேசினேன். "மனுவை வெச்சிட்டுப் போம்மா, பார்க்கலாம்." பீடிச் சுளகால் முதுகில் ஒன்று விழுந்த பிறகு பழைய குரலுக்கு வந்தேன்.

ஊர் நனைந்தது. மேலத்தெரு நனைந்தது, கீழத்தெரு நனைந்தது, ஒரே அலை இரண்டு தெருவையும் ஒன்றாக நனைத்துவிட்டுத் திரும்பியது. அன்றைக்குத்தான் தலைவர் வந்தார்.

"பொன்ராசு," என்றார் அப்பாவிடம், எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. "இது ஊர்க்குளம். குளத்துக்குன்னு ஒரு முறை உண்டு. மேலத்தெருவுக்கு முன்பக்கம், கீழத்தெருவுக்கு அந்தா அந்த மூலை. அலை அலையாப் பிரிச்சு எழுதிரு. விளங்குதா?"

"எழுதலாம் தலைவரே. அது கேக்குமான்னு தெரியல."

"கேக்காம என்ன? நீ எழுது."

அப்பா "ஆண்டவரே" என்று தொடங்கி ஒரு முற்பகல் முழுக்க எழுதினார். இந்த அலை மேலத்தெருவுக்கு, இந்த நுரை கீழத்தெருவுக்கு, இந்தப் படிக்கட்டில் இன்னார் இறங்கலாம், இன்னார் பார்க்க மட்டும். கம்ப்யூட்டர் எதற்கும் தப்பு என்று சொல்லவில்லை, எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டது. எழுதி முடித்துத் திரும்பப் பார்த்தால் எதுவும் மாறவில்லை, எல்லாருக்கும் எல்லாம் என்று முன்பு இருந்தபடியே இருந்தது. தலைவர் ஆள் வைத்துக் கடலுக்குக் குறுக்கே நைலான் கயிறு கட்டினார். மறுநாள் காலையில் கயிறு அழகாகச் சுருட்டி, கடையில் வாங்கிய மாதிரி, கரையில் வைக்கப்பட்டிருந்தது. பலகை நட்டார். பலகை நின்றது, அதில் எழுத்து நிற்கவில்லை.

"என்னவே இது, சொன்னா மண்டைய ஆட்டிட்டு ஒண்ணும் செய்ய மாட்டேங்கு?"

"அதுக்கு விரோதமெல்லாம் இல்ல தலைவரே," என்றார் அப்பா. "நம்ம டிஸ்க்குல, இது யாருக்குச் சொந்தம், எந்தக் கூட்டத்துக்கு என்ன உரிமைன்னு குறிச்சு வைக்க ஒரு மூலை உண்டு. இதுல அந்த மூலையே இல்ல. எங்க போய் எழுதும்? மாட்டும்போது மொத்தமா ஒரு தடவை சொல்லலாம். எல்லாருக்கும் உண்டு, இல்லைன்னா எல்லாருக்கும் இல்ல."

தலைவர் மீசையைத் தடவினார். கடலைப் பார்த்தார். அங்கே முன்பக்கத்து அலையில் பேச்சி போய்க்கொண்டிருந்தாள்.

"அப்ப எல்லாருக்கும் இல்ல. கழத்திரு. விளங்குதா?"

அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். கடை பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருக்கிறது, தலைவர் கையில் மாற்றுச்சாவி இருக்கிறது. அப்பா கனைத்தார், ஆண்டவரைக் கூப்பிட்டார், கழற்றச் சொல்லி அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கடல் அங்கேயே இருந்தது, திரையில் ஒரு வரி வந்திருந்தது.

"என்ன சொல்லுது?"

"முடியாதாம். யாரோ உள்ள இருக்காவளாம். ஒரு ஆள் கால் உள்ள இருந்தாலும் கழத்த விடாது."

"அந்தப் பிள்ளதான?"

பேச்சி அதற்குள் பயந்து கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். யார் என்று கேட்க இன்னொரு கட்டளை உண்டு. அப்பா அதை அடித்தார். ஒரே ஒரு பேர் வந்தது. அப்பா அதை வாசிக்கவில்லை, திரையை மெதுவாகத் தலைவர் பக்கம் திருப்பினார்.

தலைவர் எழுந்து கரைக்குப் போனார், பின்னாலேயே நானும் போனேன், என் பின்னால் ஊரும் வந்தது. கடைசிப் படியில் சொர்ணத்தாய் அத்தை வெற்றிலையை மென்றுகொண்டு, இரண்டு காலையும் கணுக்கால் வரை கடலுக்குள் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏ சொர்ணம், காலை எடு."

"எதுக்கு?"

"கடலைக் கழத்தணும்."

"கழத்தும். யாரு வேண்டாம்னா?"

"நீ காலை எடுத்தாத்தான் கழத்த முடியும்."

"அப்பக் கழத்த வேண்டாம்." ஒரு காலைத் தூக்கிக் குதிகாலைத் திருப்பிக் காட்டினாள், மறு காலை எடுக்கவில்லை. "பாரும். வாக்கப்பட்டு வந்த நாளா இந்தப் பித்தவெடிப்புக்கு ஒரு களிம்பு வாங்கித் தந்திருக்கீரா? எங்கயோ கெடந்த கடல் வந்து ஆத்திக் குடுத்திருக்கு. அதைப் போய்க் கழத்துதாராம்."

பீடி அக்காமார்கள் சிரிப்பை இலையோடு சேர்த்து நறுக்கினார்கள். தலைவர் கடைக்குத் திரும்பி வந்து டிஸ்கின் வயரைப் பார்த்தார், அப்பா பணிவாகச் சொன்னார்: "உருவிரலாம் தலைவரே. ஆனா கழத்தாம உருவினா, உள்ள இருக்கது பாதியில நின்னுரும். சொர்ணம் மயினி கால் அந்த நாட்டுலயும் மயினி இங்கயுமா நிப்பாவ." தலைவர் வயரிலிருந்து கையை எடுத்தார்.

அத்தை சாப்பிடப் போகிற நேரத்தில் என்ன செய்வது என்று பேச்சி கேட்டாள், கேட்டுவிட்டுத் தானே காலை விட்டாள், அவள் எழுந்தபோது அவள் அம்மா விட்டாள், அவளுக்குப் பின் பீடி அக்காமார்கள் சுளகோடு இறங்கி வந்து படியில் வரிசையாக உட்கார்ந்து காலைத் தண்ணீரிலும் கையைப் பீடியிலும் வைத்துக்கொண்டார்கள், அப்படியே அது ஊரின் வழக்கமாகிவிட்டது. ஒரு கால் எழுவதற்குள் இன்னொரு கால் இறங்கும். பிள்ளைகள் கால் நனைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினார்கள், டீக்கடைக்காரர் கால் நனைத்துக்கொண்டு பேப்பர் படித்தார், பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்ட கையோடு மரியாதைக்குக் கொஞ்சம் கால் நனைத்துவிட்டுப் போனார்கள், புதுமாப்பிள்ளை மறுவீடு வந்தால் முதலில் படிக்குத்தான் கூட்டிப்போனார்கள், இரண்டு தெருவும் ஒரே படியில் உட்கார்ந்தது, ஏனென்றால் ஆள் குறைந்தால் கடல் போய்விடும். யாராவது முணுமுணுத்தால், "அப்ப நீரு எந்திரும், நாங்க உக்காருதோம்" என்று பதில் வரும். யாரும் எழவில்லை.

தலைவர் தினமும் எங்கள் கடை நாற்காலிக்கு வந்தார். எண்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு, எப்போதாவது ஒரு நொடி காலியாகாதா என்று தட்டுவார். முடியாது என்று வரும். டிரைவரின் டீயை அவரும் நானும் பங்கு போட்டுக் குடிப்போம். தட்டுவார், முடியாது என்று வரும், "இன்னைக்கு யாரு?" என்பார், "மேலத்தெரு பால்காரரு, மாமா" என்பேன். "அவனுமா?" என்று ஒரு வாய் குடிப்பார்.

பேச்சி நீந்தினாள். அந்தக் கடலின் விடியல் எங்கள் ராத்திரிக்கும் அதன் சாயங்காலம் எங்கள் மதியத்துக்கும் வந்ததால், உச்சி வெயிலில்கூட அவள் முதுகில் அந்தி வெளிச்சம் விழுந்தது. அலை எழும்போது கரை மறைந்துவிடும், திசை தெரியாது, ஆகவே நான் கரையில் நின்று கூப்பிடுவேன், அத்தை குரலில், டீக்கடைக்காரர் குரலில், பி.டி. டீச்சர் விசிலில், அவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வருவாள். எந்தக் குரல் எந்தப் பக்கம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். கரையை நெருங்கிவிட்டால் தலைவர் குரல். அதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே கடைசி வீச்சு வீசுவாள்.

தேர்வு நாள் வந்தது. பேச்சியோடு நான் போகிறேன், நீங்கள் எல்லாரும் படியில் இருங்கள், உங்கள் எல்லாரையும் என் தொண்டைக்குள் வைத்துக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன்.

"நீ கத்துனா அது நாங்க கத்துன மாதிரி ஆகுமாட்டி?" என்று பீடி அக்கா ஒருத்தி சுளகைக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது. வேனில் ஏறினார்கள், லோடு ஆட்டோவில் ஏறினார்கள், அப்பா கடையைப் பூட்டிவிட்டு ஏறினார், அத்தை புதுச் சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். "நீங்க வரலைன்னாலும் நான் நீந்துவேன், கடலை விட்டுட்டு வராதிய" என்று பேச்சி கெஞ்சினாள். ஒவ்வொருவரும் மற்றவர் யாரோ படியில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள் என்பது காற்றாலையைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. படியில் யாரும் இல்லை. மாற்றுச்சாவி ஊரில் தங்கிவிட்ட தலைவரிடம். எண்டர் அந்தப் பூட்டுக்கு உள்ளே.

வேனின் கடைசி சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு தலைவருக்குப் போன் போட்டேன். வாயில் வெற்றிலை இருக்கிற மாதிரி கன்னத்தை வைத்துக்கொண்டு அத்தை குரலை எடுத்தேன்.

"இந்தாரும், நாங்க பாளையங்கோட்டைக்குப் போயிட்டு இருக்கோம். நீரு கொஞ்சம் படிக்கு வந்து காலை நனைச்சிட்டு இரும். எனக்காக."

அவர் போனை வைத்துவிட்டார்.

பாளையங்கோட்டை நீச்சல்குளத்தில் தண்ணீர் அசையவே இல்லை. "தண்ணி செத்துக் கெடக்கு கிளாடி," என்று பேச்சி காதோடு சொல்லிவிட்டுப் போய் மேடையில் ஏறினாள். விசில் ஊதினார்கள், பாய்ந்தாள், ஊத்தடி மொத்தமும் எழுந்து கத்தியது, கத்திய கத்தலில் ஒரு குரலும் தனியாகத் தெரியவில்லை, எல்லாம் கூரையில் மோதி ஒரே இரைச்சலாகக் கொட்டியது, எந்தக் குரல் எந்தத் திசை என்று தேடிப் பழகிய பேச்சி நடுவில் தடுமாறினாள், பக்கத்துக் கயிற்றில் கை இடித்தது, இரண்டு பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சீட்டின் மேல் ஏறினேன். வயிற்றிலிருந்து காற்றை எடுத்தேன், பாதியை மூக்கில் நிறுத்தினேன்.

"ஏ பிள்ள! கையை நீட்டிப் போடு! விளங்குதா!"

தலைவர் பேசினால் வாயை மூடுவது ஊத்தடிக்குப் பழக்கம். ஊர் அப்படியே அடங்கியது, அத்தைகூடத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அந்த அமைதியில் அந்த ஒரு குரல் மட்டும் தண்ணீருக்கு மேல் நேராகப் போனது. பேச்சி சிரித்தாள், தண்ணீருக்குள் சிரித்தால் குமிழி வரும், குமிழியைப் பார்த்தோம், அதற்குப் பின் அவள் கரைக்கு வருகிற பேச்சியாக வந்தாள், ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியின் விரல்நுனியோடு விரல்நுனியாகச் சுவரைத் தொட்டாள். இரண்டாவது. விளையாட்டு விடுதி சார் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, எப்போது சேர வர வேண்டும் என்று அவள் அம்மாவிடம் சொல்ல, அவள் அம்மா அந்த இடத்திலேயே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, "எம்மவ வரமாட்டா, வேற ஆளு பாருங்க" என்று சொல்லி வைத்தாள்.

திரும்பி வரும்போது வேனில் பாதி பேர் பாடினார்கள், பாதி பேர் ஜன்னல் வழியே மூக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். காற்றாலைகள் வந்தன. பீடி இலை வாசம் வந்தது. அதற்குப் பின் எது வரவேண்டுமோ அது வருகிறதா என்று எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். உப்பு வாசம் வந்தது.

கடல் இருந்தது. கடைசிப் படியில் தலைவர் தனியாக, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, இரண்டு காலையும் உள்ளே விட்டு உட்கார்ந்திருந்தார். கால் விரலெல்லாம் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தது.

"எடுத்துட்டாவளா?" என்றார் திரும்பாமலே.

"எடுத்துட்டாவ மாமா," என்றாள் பேச்சி.

"ம்." பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி கிளாடிஸ், இங்க வா. போன்ல பேசினது நீதான?"

நான் கடலைப் பார்த்தேன்.

"சத்தம் அச்சு அசல் அவ சத்தம்தான். குத்தம் சொல்ல முடியாது. ஆனா 'கொஞ்சம்'னு சொன்ன. 'எனக்காக'ன்னு சொன்ன. இத்தனை வருசத்துல அவ என்கிட்ட எதையாவது கேட்டிருக்காளா? சொல்லுவா, நான் செய்வேன்."

"தெரிஞ்சேவா வந்திய மாமா?"

விரல்களைத் தண்ணீருக்குள் விரித்து மூடிப் பார்த்தார். "வெயிலு. காலு காந்துச்சு."

சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது, சொல்லிவிட்டேன். "உங்க சத்தமும் அங்க கேட்டுச்சு மாமா."

"என்ன சொன்னேன்?"

"ஏ பிள்ள, கையை நீட்டிப் போடுன்னு சொன்னிய."

"விளங்குதான்னு சொன்னேனா?"

"சொன்னிய."

யோசித்தார். பேச்சியைத் திரும்பிப் பார்த்தார், அவள் ஈரத் தலையோடு அவருக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள்.

"ம். சொல்லியிருப்பேன்," என்றார்.

அத்தை மேலே நின்று சத்தம் போட்டாள். "இந்தாரும், எந்திரும். என் முறை வந்துட்டு."

"இன்னும் கொஞ்சம் நேரம் இருந்துக்கிடுதேன் சொர்ணம்," என்றார் தலைவர். அத்தை செருப்பைக் கழற்றிப் படியில் வைத்தாள்.

தூரத்தில் அந்தக் கப்பல் 'பூ...' என்று தொடங்கிப் பாதியில் நின்றது. எல்லாருக்கும் மூக்கு உறுத்தியது.

"அது பாவம், ஊதிட்டு நிக்கி பாரு," என்றார் தலைவர். "மிச்சத்தை ஊதும்மா."

ஊதினேன்.